மூங்கில் மண்டி பாவாடையின் நெருப்பு

செஞ்சியிலிருந்து திண்டிவனம் போகிற ரோட்டில் மூங்கில் மண்டி எது என்று கேட்டால், யாரும் பாவாடையின் மண்டியைத்தான் கை காட்டுவார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட ஆள். தொண்டூர்ப் பக்கத்திலிருந்து பிறத்தியார் மூங்கிலைத் தலையில் சுமந்து நடந்து வந்தவர், பிற்பாடு அந்தத் தலையை யாரிடமும் தாழ்த்தியதில்லை. சாரம் கட்ட, ஏணி செய்ய, மேல்மலையனூர் அமாவாசைக் கடைகளுக்குக் கால் நட என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் நிமிர்ந்து நிற்கிற மூங்கிலில் பாதி அவர் கை பட்டது. படித்தவன் எவனாவது இப்படி ஒரு மண்டியை வெறுங்கையோடு ஆரம்பித்துக் காட்டட்டும், பார்ப்போம்.

வியாபாரத்தைவிட அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது நெருப்புதான். காய்ந்த மூங்கிலை இரண்டாகப் பிளப்பார். ஒரு பிளவின் முதுகில் குறுக்கே வெட்டுப் போட்டு, கவிழ்த்துக் காலால் மிதித்துக்கொள்வார். இன்னொரு பிளவின் விளிம்பைக் கூராகச் சீவி, அந்த வெட்டில் வைத்து ரம்பம் அறுப்பதுபோல இழுப்பார். புகை கிளம்பும். அடியில் திணித்திருக்கும் மூங்கில் சுரண்டலில் கருந்தூள் விழுந்து கனல் பிடிக்கும். அவர் மனைவி பூவாயி அதை இரண்டு கையிலும் ஏந்தி மெதுவாக ஊதுவாள். குப்பென்று எரியும்.

"தீப்பெட்டி கம்பெனிக்காரன் என்னைப் பாத்தா கடைய மூடிட்டுப் போயிடுவான்" என்பார் பாவாடை. கோட்டை பார்க்க வந்தவர்கள்கூட வண்டியை நிறுத்திப் போட்டோ எடுத்ததுண்டு. போட்டோவில் பூவாயியின் முதுகு பாதி தெரியும்.

அந்தக் கார்த்திகையில் அவளுக்கு மஞ்சள் காமாலை முற்றி, பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கடைசியாகத் தெளிவாகப் பேசிய அன்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ், என்னை மண்ணுல போட்டுடாத. ஈரத்துல கெடக்க எனக்கு ஆவாது. எரிச்சுடு. உன் மூங்கி நெருப்புலயே எரிச்சுடு."

"இன்னாடி பேச்சு இது? அப்படியே ஆனாலும் ஒரு தீக்குச்சி உன் மேல பட வுடமாட்டேன், போ."

இரண்டு நாள் கழித்து விடியற்காலையில் செத்துப்போனாள். அன்றைக்குப் புயல் மழை தொடங்கி நாலாவது நாள். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டபோது ராஜகிரி மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. கரண்ட் போய்விட்டதால் ஐஸ் பெட்டி வெறும் கண்ணாடிப் பெட்டியாகக் கிடந்தது. உடம்பு ராத்தாங்காது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

சுடுகாடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். அங்கே வேலை பார்க்கும் இளவரசன் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனான். "கொட்டாய்ல கட்டை அடுக்கி வெச்சிருக்குது பெரியவரே. தரைப்பாலத்து மேல முழங்கால் தண்ணி போவுது. பன்னெண்டு மணிக்குள்ள தாண்டிடுங்க. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

கொள்ளிச்சட்டியில் நெருப்பு விழுந்தால் பாடை கிளம்பிவிடும். மகன் பார்த்திபன் சட்டியில் வரட்டியை உடைத்துப் போட்டுச் சூடத்தையும் தீப்பெட்டியையும் எடுத்தான். பாவாடை அவன் கையைத் தட்டிவிட்டார்.

"வையி கீழ. என் பொண்டாட்டிக்கு நெருப்பு நான் எடுப்பேன்."

கூடத்தில் உட்கார்ந்து மூங்கிலைப் பிளந்தார், சுரண்டினார், இழுத்தார். புகை வந்தது. கனலும் விழுந்தது. ஏந்தி ஊதினார், அவிந்துபோனது. மறுபடியும் இழுத்தார். மறுபடியும் அவிந்தது. மூன்றாவது தடவையும் அவிந்தது.

பூவாயியின் தம்பி அன்புச்செல்வன் பிறந்த வீட்டுக் கோடித் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "மழையிலயும் எடுப்பேன்னு என் கல்யாணத்துல மைக் புடிச்சு சொன்னியே மாமா. மணி பதினொன்னு ஆவுது."

"மூங்கி நமுத்திருக்குதுடா."

மருமகள் சுமலதாதான் அழுதுகொண்டே சொன்னாள். "மூங்கி இல்ல மாமா, சுரண்டல்தான் ஈரம். அத்தை பவுடர் டப்பால போட்டு வெச்சிருப்பாங்க. தெனம் அடுப்பு பக்கத்துல காய வெப்பாங்க."

"எந்த டப்பா?"

அவள் சமையல்கட்டிலிருந்து எடுத்து வந்தாள். பதினைந்து நாளாக யாரும் தொடாததில் உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம். நாற்பது வருஷத்தில் பாவாடை அந்த டப்பாவை அன்றுதான் பார்த்தார். அவர் கை நீட்டும்போதெல்லாம் பூவாயி மடியிலிருந்து எதையோ எடுத்து வைப்பாள். எந்தச் சுரண்டல் வைத்தாலும் தம் கைக்குப் பற்றிக்கொள்ளும் என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

பார்த்திபன் குனிந்து மெல்லப் பேசினான். "நைனா, அம்மா எரியணும்னுதான கேட்டுச்சு? நெருப்பு எதுல வந்தா இன்னா? ஆறு ஏறுது."

"வாய மூடு. சொன்ன சொல்லு மாறுறவன் இல்ல இந்தப் பாவாடை."

வாசலில் ஐம்பது பேர் நின்றார்கள். அத்தனை பேரும் அவர் வித்தையைப் பார்த்தவர்கள். அவர்களுக்கு எதிரில் ஒரு தீக்குச்சியிடம் தோற்பதா? புதிதாகச் சுரண்டிச் சுமலதாவிடம் கொடுத்து வாணலியில் வறுத்துக் கொண்டுவரச் சொன்னார்.

"கேஸ் அடுப்புல வறுத்துட்டு, அத மூங்கி நெருப்புன்னு சொல்லுவியா மாமா?" என்றான் அன்புச்செல்வன். கூட்டத்தில் யாரோ சிரித்து, சட்டென்று நிறுத்திக்கொண்டார்கள்.

பாவாடை காதில் வாங்கவில்லை. உள்ளங்கைத் தோல் கிழிந்து மூங்கிலில் ரத்தம் ஒட்டியது. ஒன்றேகால் மணிக்குக் கனல் பிடித்தது. மூச்சை அடக்கி அடக்கி ஊதினார். எரிந்தது. சட்டியில் போட்டுவிட்டு நிமிர்ந்து எல்லோர் முகத்தையும் பார்த்தார். பாடையைத் தூக்கினார்கள்.

ஆற்றங்கரைக்குப் போனபோது தரைப்பாலம் முழுக்க மூழ்கியிருந்தது. செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. அக்கரையில் இளவரசன் கொட்டாய் அடியில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டினான்: வராதீர்கள். அவன் பின்னால் அடுக்கிய கட்டைகள் ஈரம் படாமல் கிடந்தன.

"இங்கயே எரிச்சுடலாம்" என்றார் பாவாடை.

"எத வெச்சி?" என்று கேட்டான் அன்புச்செல்வன்.

மண்டியில் இருந்ததெல்லாம் நாலு நாள் ஊறிய மூங்கில். அத்தனை பெரிய வியாபாரியிடம் காய்ந்த விறகு ஒரு கட்டு இல்லை. ஒரு மணி நேரம் பார்த்தார்கள். ஆறு ஏறியதே தவிர இறங்கவில்லை. கடைசியில் பெரியவர்கள் கூடிப் பேசி, இக்கரைப் புறம்போக்கில் கருவேல மரங்களுக்கு நடுவே குழி வெட்டச் சொன்னார்கள்.

மூன்றடி வெட்டுவதற்குள் தண்ணீர் ஊறியது. பாவாடை வேட்டியை மடித்துக் கட்டிக் குழிக்குள் இறங்கினார். கிழிந்த கையால் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே கொட்டினார். ஊற ஊற அள்ளினார்.

"வுடு மாமா. நிக்காது" என்றான் அன்புச்செல்வன். இப்போது அவன் குரலில் குத்தல் இல்லை.

"ஈரம் ஆவாதுன்னாடா அவ."

கொஞ்ச நேரம் கழித்து மேலே ஏறக் கையை நீட்டினார். அன்புச்செல்வன்தான் பிடித்துத் தூக்கினான். பார்த்திபன் பக்கத்தில் வரவில்லை. அதுவரை குடைக்குள் காத்து வந்த எரிகிற சட்டியை மழையில் கீழே வைத்துவிட்டு, அம்மாவின் முகத்துக்கு நேராகக் குடை பிடித்துக்கொண்டு நின்றான்.