முரிவாயில் கடைசிக் குஞ்சுக்காகக் காத்திருந்த காலை

ஏப்ரல் முதல் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கும் ஒரு மோட்டார் ஹோமைத் தன்னந்தனியாக ஓட்டிக்கொண்டு வீடிருக்கும் மவுண்ட் ஆல்பர்ட்டை விட்டுப் புறப்பட்டேன். மூன்று பேருக்கென்று ஜனவரியில் பதிவு செய்த பயணம் இது. பெப்ரவரியில் மகள் ஆரணி வேலை கிடைத்து மெல்பேணுக்குப் போய்விட்டாள். கணவருக்குக் கடைசி நேரத்தில் வேலை வந்துவிட்டது. நான் மட்டும் போகிறேன் என்றதும் அவருக்குச் சிரிப்பு. ஐம்பத்தொரு வயதுவரை ஓர் இரவுகூடத் தனியே படுத்தறியாதவள் நான்.

போனதற்குக் காரணம் இருந்தது. செவ்வாய்க்கிழமை ஆரணி அழுதுகொண்டே போன் எடுத்தாள்.

"அம்மா, கேன் ஐ கம் ஹோம்?"

பக்கத்தில் நின்ற கணவர், "உடன வரச்சொல்லும்" என்றார். எனக்கும் அதுதான் வாய்வரை வந்தது. ஆனால் ஏனோ, "ஞாயிற்றுக்கிழமை சொல்லுறன் பிள்ளை" என்றுவிட்டேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தனியே ஓர் இரவு இருந்து பார்க்காமல் அவளுக்கு நான் என்னத்தைச் சொல்வது?

முரிவாய்க் கடற்கரை வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர். காரில் முக்கால் மணி நேரம். ஏழு மீட்டர் நீள வண்டியோடு எனக்கு ஒன்றேகால். ரவுண்டபவுட்டுகளில் பின்னால் வந்தவர்கள் என்னென்ன சொல்லித் திட்டினார்களோ! வாடகை ஓர் இரவுக்கு 140 டொலர், முகாமில் வண்டி நிறுத்தும் இடத்துக்கு 32. இறங்கியதும் கறுப்பு மணல், அதற்கப்பால் கண்ணுக்கெட்டியவரை கடல். இருபது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், வந்து ஐஸ்கிரீம் குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேனே தவிர இப்படி வாயடைத்து நின்றதில்லை.

பிறகு நம்மவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்றைச் செய்தேன். தனி ஆளுக்கு, மூன்று பேருக்குப் போதுமான பருப்பை வைத்து, குளிருக்கு ஜன்னலெல்லாம் பூட்டிக்கொண்டு, செத்தல் மிளகாயும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளித்தேன். புகை மணி வீரிட்டது. இருமிக்கொண்டு வெளியே பாய்ந்தால் முகாமே என்னைப் பார்க்கிறது. பக்கத்துக் கூடாரத்துப் பெண் ஒருத்தி ஓடிவந்து, துவாயால் புகையை விசிறி மணியை அடக்கினாள்.

"சத்தத்துக்கு முன்னாடியே கருவேப்பிலை வாசம் வந்துருச்சுங்க்கா. நம்ம ஆளுதான்னு தெரிஞ்சுபோச்சு."

சங்கீதா, கோயம்புத்தூர்ப் பெண், பிளாட் புஷ் என்ற புறநகரில் வீடு. இங்குள்ள பாறைகளில் முட்டையிடும் கன்னெட் என்ற கடற்பறவைகளைக் கணக்கெடுக்க அடிக்கடி வருகிறாளாம். அந்தப் பருப்பை முடிக்க அவள் உதவி தேவைப்பட்டது. கடைசிக் குஞ்சு ஒன்று இன்னும் பறக்காமல் நிற்கிறது, காலையில் வந்து பாருங்கள் என்றாள்.

அன்றிரவு இரண்டு பேர் படுக்கும் கட்டிலின் கரையோரமாகவே கிடந்தேன். பழக்கம்.

சனி காலை ஏழரைக்கு ஏறினோம். பத்து நிமிட ஏற்றம். பாறைத் தட்டுகள் அநேகமாக வெறுமை. நுனியில் சாம்பல் நிறத்தில், புள்ளி புள்ளியாக அந்தக் குஞ்சு சிறகை விரிப்பதும் மடக்குவதுமாக நின்றது. கீழே கடல் அறைந்துகொண்டிருந்தது.

"எங்க போகும்?" என்றேன்.

"ஆஸ்திரேலியா. ஒரே மூச்சுல ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல. அப்பா அம்மா கூடப் போகாது. இதுக்கு முன்ன பறந்ததே இல்ல."

"திரும்பி வருமோ?"

"சில வருசம் கழிச்சு இதே பாறைக்கு வரும்." பார்வை மேடையின் கம்பியில் சாய்ந்தபடி சொன்னாள்: "எல்லாம் வராதுங்க்கா."

போகாதே என்று அதனிடம் சொல்லத் தோன்றியது. நின்றாலும் அதற்குத் தீன் கொடுக்க யாருமில்லை.

ஒன்பது ஐம்பதுக்குக் காற்று எழுந்தது. குஞ்சு குதித்தது. பறக்கவில்லை, விழுந்தது. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். தண்ணீருக்குச் சற்று மேலே சிறகில் காற்றுப் பிடித்தது. தள்ளாடி, நிமிர்ந்து, மேற்கே போயே போய்விட்டது. என் வாழ்நாளில் இவ்வளவு பெரிய ஒன்றை நான் பார்த்ததில்லை. அழுதேன், வெட்கப்படாமல்.

ஆரணி பறவை இல்லை, அவளுக்குத் திரும்பிவர விமானம் உண்டு. அது எனக்குத் தெரியும். ஆனாலும் ஞாயிறுவரை பொறுக்க முடியவில்லை, அங்கேயே நின்று போன் எடுத்தேன். மெல்பேணில் அப்போது எட்டு மணிகூட ஆகவில்லை.

"நான் முரிவாயில நிக்கிறன், தனிய."

"யூ? தனியவா?" எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தாள். "வேர் யூ ஸ்கேர்ட்?"

"ஓம். விடியுமட்டும் கட்டில் கரையிலதான் கிடந்தனான்."

"மீ டூ, அம்மா. எவ்ரி நைட்."

"வாறதெண்டால் நாளைக்கே டிக்கெட் போடுவம். உன்ரை அறை அப்பிடியே கிடக்கு. ஆனா நான் இண்டைக்கும் இங்க தனியத்தான் படுக்கப்போறன். நீயும் இண்டைக்கு மட்டும் நிண்டு பார். நாளைக்குக் கதைப்பம்."

ஞாயிறு காலை அவளே எடுத்தாள். இன்னும் ஒரு கிழமை பார்க்கிறாளாம்.

போக நினைப்பவர்களுக்கு: குஞ்சுகளைப் பார்க்க மார்ச்சுக்குள் போங்கள், ஏப்ரலில் அதிர்ஷ்டம் வேண்டும். காற்றுப் புகாத ஜாக்கெட் அவசியம். ஜன்னலைத் திறந்துவிட்டுத் தாளியுங்கள். தனியாகப் போனால் கட்டிலின் நடுவில் படுங்கள். இரண்டாம் இரவு நான் அப்படித்தான் படுத்தேன். மெல்பேணிலும் ஒருத்தி அப்படிப் படுத்துப் பார்க்கிறாள்.