கத்தி பட்ட கிடாய்

ஜப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடித்ததோடு மலாயாவிலிருந்து கடிதம் வருவது நின்றுவிட்டது. என் புருஷன் அங்கே றெயில்வேயில் கிளாக்கர். கொஞ்சக்காலம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு எங்கள் ஊர் அம்மாளாச்சி கோயிலுக்குப் போய் நேரடியாகவே பேசினேன்.

"அந்த மனிசனை முழுசாய்க் கொண்டுவந்து விடு. ஊனமில்லாத கிடாய் ஒண்டு வேள்வியிலை வெட்டத் தாறன்."

அழவில்லை. அழுகிறவளுக்கு விலையைக் கூட்டிச் சொல்வார்கள் என்பது சந்தையில் படித்த பாடம்.

நேர்ந்துவிட்ட கிடாய் ஊருக்கே மருமகப்பிள்ளை. கூப்பன் அரிசிக்கு நாங்கள் வரிசையில் நிற்க, அது வீடு வீடாகப் போய்ப் பூவரசங்குழையும் பழமும் தின்றது. எனக்கு அதில் பெரிய பாசம் ஒன்றுமில்லை. ஆனால் அது இருமினால் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுவேன். மாமியும் அப்படித்தான். கிடாய்க்கு ஒன்று நடந்தால் அவருடைய மகனுக்கும் ஒன்று நடக்கும் என்று இருவரும் நம்பினோம், வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

மாம்பழக் காலத்தில் ஒரு மத்தியானம் கிடாய் வேலியோரம் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது. வாயால் வீணீர் வடிந்தது. தண்ணீர் வைத்தேன், குடித்ததெல்லாம் மூக்கால் வந்தது. கழுத்தைத் தடவினால், இடப்பக்கம் கல்லுப்போல ஒரு மாங்கொட்டை. யாரோ பக்தியோடு கொடுத்த பழம்.

மாட்டுப் பரியாரியார் வந்து சேர்வதற்குள் வயிறு மேளமாக உப்பிவிட்டது. இடது விலாவுக்குப் பின்னால் தடித்த ஊசியை இறக்கிக் காற்றை விட்டார். கொட்டையைப் பெருவிரலால் மேலே தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை.

"பிள்ளை, கழுத்தைக் கீறி எடுத்தால் தப்பும். விட்டால் பொழுதுபட முன்னம் முடிஞ்சிடும்."

"கத்தி பட்ட கிடாயை அம்மாளாச்சி எடுப்பாவோ?" என்று மாமி குழறினார். "ஊனமில்லாதது எண்டெல்லோ நேந்தனீ!"

உண்மைதான். கீறினால் நேர்த்திக்கடன் பழுது; கீறாவிட்டால் கிடாயே சாவு. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மாளாச்சி மேல்தான்.

"கீறுங்கோ," என்றேன். "செத்த கிடாயையும் அவ எடுக்கமாட்டா."

சவரக்கத்தியால் கீறிக் கொட்டையை எடுத்துத் தைத்தார். கிடாய் பிழைத்தது. ஆனால் தையல் ஓரிடத்தில் பொருந்தவில்லை. கஞ்சி குடித்தால் பாதி வயிற்றுக்குள் போகும், பாதி ஓட்டைவழியே நெஞ்சில் வடியும். மாமி ஓட்டையை விரலால் பொத்திக்கொள்ள நான் பருக்குவேன். விரல் உளைந்ததும், "காணும் பிள்ளை, மிச்சத்தைப் பிறகு குடுப்பம்" என்பார். மாதக்கணக்கில் இப்படி ஓடியது. கடைசியில் ஓட்டை மூடி, அந்த இடம் தடித்து முண்டுபோல நின்றது. குழை இனி இறங்காது, கஞ்சிதான்.

சண்டை முடிந்து, அவர் காங்கேசன்துறைக் கோச்சியில் ஸ்டேசனுக்கு வந்தார். முதலில் ஓர் ஊன்றுகோல் இறங்கியது. பிறகு வலது கால். அதற்குப் பிறகு ஒன்றும் இறங்கவில்லை. ஜப்பான்காரர் அவரைச் சயாம் காட்டுக்குத் தண்டவாளம் போடக் கொண்டுபோனார்களாம். புண் பழுத்து இடது கால் முழங்காலோடு போயிற்று. மாமி மகனைக் கட்டிப்பிடித்துக் கதறினார். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, குசினிக் கதவைச் சாத்திவிட்டு, இத்தனை வருஷத்து அழுகையையும் அழுது தீர்த்தேன்.

வேள்விக்குக் கிடாயைக் கொண்டுபோனேன். பூசாரியார் கழுத்தைப் பார்த்தார்.

"ஊனமானது ஆகாது, பிள்ளை. வேறை ஒண்டு கொண்டு வாரும்."

நான் அவரைத் தாண்டி அம்மாளாச்சியைப் பார்த்தேன். "நான் முழு ஆளைக் கேட்டன். நீ தந்ததை ஒரு சொல்லுச் சொல்லாமல் எடுத்தன். நான் கொண்டுவந்ததை நீ எடுக்கமாட்டாய் எண்டால், எங்களுக்குள்ளை கணக்குச் சரி."

  கிடாயைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன்.

அவர் முற்றத்தில் இருந்தார். நடந்ததைச் சொன்னேன். கிடாயைக் கிட்ட இழுத்து, அந்த முண்டைத் தடவினார்.

"முழு ஆளையோ கேட்டனீர்?"

"ஓம்."

"அப்ப பூசாரியார் மாதிரி நீரும் வேறை ஒண்டு கேக்கேல்லையோ?"

"இல்லை," என்றேன். "எனக்கு இது காணும்."