உப்பும் சாம்பலும் போட்ட குழி

என் தங்கச்சியின் இரண்டு மரங்களையும் கொன்றது நான்தான். அதுவும் லண்டன் இல்ஃபோர்டில் இருந்துகொண்டு, போனிலேயே.

அவள் கலியாணம் முடித்துப் போனது அரிசோனாவுக்கு. பாலைவன ஊர், கோடையில் வெயில் நாற்பத்தைந்தைத் தொடும். விசா சரிவரும்வரை அவள் வேலைக்குப் போக முடியாது. கணவர் புறப்பட்டுப் போனால் நாள் முழுக்க வீட்டில் தனியாகத்தான் இருப்பாள்.

"அக்கா, இஞ்ச எனக்கெண்டு ஒண்டு வளர வேணும்" என்றாள்.

பின்வளவில் பழமரம் வை என்று நான் குதித்தேன். எனக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. சித்திரையில் நல்ல நாள் பார்த்து ஒரு மாங்கன்றும் ஒரு தேசிக்காய்க் கன்றும், அதுதான் எலுமிச்சை, நடவைத்தேன். யாழ்ப்பாணத்தில் தென்னங்குழிக்கு உப்பும் சாம்பலும் போடுவார்கள். தென்னைக்கு நல்லதென்றால் மற்றவற்றுக்குக் கூடாதா? இரண்டு குழிக்கும் தாராளமாகப் போடச் சொன்னேன். சாம்பல் பார்பிக்யூ அடுப்பிலிருந்து வந்தது. மாவிலைகள் நுனியிலிருந்து கருகின, தேசி மஞ்சளாகிக் கொட்டியது. ஆடி முடிவதற்குள் இரண்டும் விறகு.

அவளுடைய கணவர், என் மச்சான், நல்ல மனிதர், ஆனால் வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுபவர். "இன்னும் ஒண்டு வைச்சுப் பாரும். அதுவும் பட்டுதெண்டால் வளவு முழுக்கக் கல்லுப் போடுவம்" என்றுவிட்டார். அங்கே பாதி வீடுகளில் முற்றமெல்லாம் சல்லிக்கல்தான். தங்கச்சி என்னிடம் அழவில்லை. "பரவாயில்லை அக்கா" என்றாள். அந்தப் "பரவாயில்லை" என்னைச் சுட்டது.

விடுவேனா? வேலைக்குப் போகும் ரயிலில் தினமும் அந்த ஊர் மண்ணைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். அது ஏற்கெனவே உப்பும் காரத்தன்மையும் ஏறிய மண். அதன் தலையில்தான் நான் மேலும் உப்பையும் சாம்பலையும் கொட்டவைத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. மதிய இடைவேளையில் போன் எடுத்துச் சொன்னேன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"ரெண்டையும் சாக்காட்டினது நான்தான்."

"உங்களை நம்பித்தானே அக்கா போட்டனான்."

"இனி நம்பாதை. வாசிச்சுப் பாத்துத்தான் சொல்லுவன்."

அவளுக்கு மறுபடி மாமரம்தான் வேண்டும். நான் மாட்டேன் என்றேன். நமக்குப் பிடித்த மரமல்ல, அந்த மண்ணுக்குப் பிடித்த மரம் வேண்டும். மாதுளை என்று முடிவெடுத்தோம். வெயில் தணியும் ஐப்பசிவரை அவளைக் காத்திருக்க வைத்தேன். குழி தோண்டினால் முழங்கால் ஆழத்தில் சீமெந்து மாதிரிச் சுண்ணாம்புப் படை. மச்சான் முணுமுணுத்துக்கொண்டே இரும்பு அலவாங்கால் குத்தி உடைத்தார். குழி நிறையத் தண்ணீர் விட்டு வடிகிறதா என்று பார்த்தோம். மறுநாள் காலை வற்றியிருந்தது. அதன் பிறகுதான் கன்று உள்ளே இறங்கியது.

தினமும் அடியில் ஒரு வாளி ஊற்றும் அவளுடைய பழக்கத்தை நிறுத்தினேன். வேர் பிடித்த பிறகு சில நாளைக்கு ஒருமுறை, அடிமரத்தை விட்டுத் தள்ளி, ஆழமாக ஊறும்வரை விடவேண்டும். தண்டு வெந்துபோகாமல் வெள்ளைப் பெயின்ற் பூசினாள். என் போனில் அவளுடைய ஊர்க் காலநிலை முதலில் வரும், லண்டன் அதற்குக் கீழே. அதனாலேயே குடையில்லாமல் நனைந்த நாட்கள் உண்டு. முதல் கோடையில் இலையெல்லாம் சுருண்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மரம் நின்றது.

மூன்றாம் வருடம் அவள் பழத்தைப் போனுக்கு முன்னால் வைத்துப் பிளந்தாள். அலுவலகச் சாப்பாட்டு அறையில், நாலு பேர் பார்க்க, நான் அழுதேன்.

"இனிக்குதோ?"

"ஓம் அக்கா. நல்லா இனிக்குது."

அவளுக்குப் பின்னால் மச்சான் அலவாங்கோடு நின்றார். "அடுத்த குழி எங்க வெட்டுறதெண்டு அக்காவைக் கேளும். அதுக்குள்ள என்ன போடுறதெண்டு மட்டும் கேக்காதையும்."