கல் வைக்காத தொட்டில்

என் கணவர் புத்தரைப் பிடித்துக்கொண்ட நாளிலிருந்து எங்கள் வீட்டில் நேர்த்திக்கடன் என்ற பேச்சுக்கே இடமில்லை. திருச்சி டாக்டர்கள் கையை விரித்த பிறகு, குழந்தை வேண்டி நான் ஏறாத கோயில் இல்லை. எல்லாம் அவருக்குத் தெரியாமல்தான். அவரோ, "புள்ள இல்லாட்டி என்ன, நீ இருக்கே, நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தில் மூழ்கிவிடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவரும் நண்பர்களும் வேன் பிடித்து, எங்கள் பக்கத்து வயல்வெளிகளில் கிடக்கும் பழைய புத்தர் சிலைகளைப் பார்க்கக் கிளம்பியபோது நானும் ஒட்டிக்கொண்டேன். இதற்கு யாத்திரை என்று பெயர் வேறு. பூ இல்லை, தேங்காய் இல்லை, என்ன யாத்திரையோ!

இலுப்பூர் தாண்டி ஒரு கண்மாய்க்கரையில் வேன் நின்றது. அரசமரத்தடியில் மூக்குடைந்த புத்தர் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, நெற்றியில் யாரோ பூசிய விபூதி. மேலே கிளைகளில் சின்னச் சின்னத் துணித் தொட்டில்கள் தொங்கின. ஆடு மேய்த்த ஓர் அக்காவிடம் விசாரித்தேன்.

"தவசிச் சாமிங்க. புள்ள வேணும்னு தொட்டி கட்டுவாங்க. கேட்டா குடுத்துரும்."

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் படமெடுத்துவிட்டுக் கண்மாய்ப் பக்கம் நகர்ந்ததும், முந்தானை ஓரத்தைக் கிழித்துத் தாழ்ந்த கிளையில் தொட்டில் கட்டினேன். பிள்ளைக்குப் பதிலாக உள்ளே ஒரு கல்லை வைக்கவேண்டும். குனிந்து தேடும்போது, நண்பர்களிடம் கதை சொல்லிக்கொண்டே வரும் அவர் குரல் கேட்டது.

"புள்ள பொறந்த கையோட, தூங்கிட்டிருந்த பொண்டாட்டி புள்ளையை விட்டுட்டுக் கெளம்பிட்டாருங்க."

வீட்டில் பலமுறை சொன்ன கதைதான். நான் காதில் வாங்கியதில்லை. இப்போது கை அப்படியே நின்றுவிட்டது. பெற்ற பிள்ளையையே வேண்டாமென்று போனவரிடமா பிள்ளை கேட்கிறேன்? தப்பான இடத்தில் கேட்டுவிட்டேனா? அவிழ்க்கலாமென்றால், கட்டிய தொட்டிலைப் பிள்ளை பிறக்காமல் அவிழ்க்கக் கூடாது. கல்லை வைக்கவோ மனம் வரவில்லை. அங்கிட்டும் இல்லாமல் இங்கிட்டும் இல்லாமல் நின்றேன்.

நண்பர்கள் வேனுக்குப் போய்விட்டார்கள். அவர் மட்டும் என் கிழிந்த முந்தானையைப் பார்த்தார், கிளையைப் பார்த்தார்.

"இவருகிட்டயா கேட்டே?"

"கேட்டா குடுப்பாருங்கிறாங்க. நீங்க வேற மாதிரி சொல்றீங்க. நான் என்னதாங்க பண்றது?" அழுதுவிட்டேன்.

பிரசங்கம் வரப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் குனிந்தார். ஒரு கல்லை எடுத்தார், கூராக இருந்ததோ என்னவோ, போட்டுவிட்டார். வேறொன்றை எடுத்து வேட்டியில் மண் போகத் துடைத்துத் தொட்டிலில் வைத்தார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், ஒரு விரலால் அதை மெல்ல ஆட்டிவிட்டார்.