அண்ணியின் சுட்டுவிரல்

ஒரு கையில் மருந்துப் பை, மறு கையின் சுட்டுவிரலால் காற்றில் ஒரு வட்டம். ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று அண்ணி அப்படிச் செய்து காட்டியது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

எழுபதுகளில் அண்ணன் ஆப்பிரிக்காவில், கின்ஷாசாவில் ஒரு வியாபாரக் கம்பெனியில் கணக்கு பார்த்தார். நானும் அங்கே வேலைக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன். அண்ணி காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் மகள். அண்ணனோடு வந்திருந்தாரே தவிர, கின்ஷாசா பாஷையில் ஒரு வார்த்தை தெரியாது. அண்ணன் வெளியூர் போயிருந்த நேரத்தில் மலேரியா என்னைப் போட்டுப் படுத்தியது. ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து தீர்ந்துவிட்டது. ரவுண்டானா பக்கத்துக் கடையில் இருக்கிறது, இன்றே போடாவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர். நான்தான் அதைத் தமிழில் அண்ணிக்குச் சொன்னேன். சீட்டை வாங்கிக்கொண்டு, புடவையை இழுத்துச் செருகியபடி கிளம்பிவிட்டார்.

அந்த ஊரில் லாரிக்குக் கூரை போட்டு, உள்ளே பலகை அடித்து பஸ்ஸாக ஓட்டுவார்கள். ஃபுலா-ஃபுலா என்று பெயர். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கைச்சைகை உண்டு. போகிற இடத்தை நாம் அப்படிக் காட்ட வேண்டும், அது அவர்கள் வழியாக இருந்தால்தான் நிற்பார்கள். அண்ணியோ நம்மூர் டவுன் பஸ்ஸை நிறுத்துவது போல உள்ளங்கையைக் கீழே காட்டி ஆட்டினார். அங்கே அது வேறு ஏதோ இடத்துக்கான சைகை போல, உடனே ஒரு வண்டி நின்றது, ஏற்றிக்கொண்டு எதிர்த்திசையில் போனது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, என் கதை முடிந்தது என்றே தோன்றியது.

பொழுது சாய்வதற்குள் மருந்தோடு வந்து நின்றார்.

"மார்க்கெட்டுல கொண்டும்போய் எறக்கி வுட்டுட்டான்பா. அங்க நின்னுக்கினு அவங்க வெரலயே பாத்தேன். ஒருத்தரு வட்டம் போட்டாரு. ரவுண்டானான்னா வட்டந்தான? அவங்க ஏறுன வண்டில நானும் வட்டம் போட்டு ஏறிட்டேன்."

"பயமா இல்லையா அண்ணி?"

"இன்னா பயம்? ஒடலையும் கரையையும் கோத்து நெய்யுற கோர்வத் தறில ரெண்டு பேரு ஒக்காந்தா, அந்தச் சத்தத்துல பேச்சா கேக்குது? அப்பா கை அசயறதப் பாத்துதான் நான் கரைக்கு நூல் நாடாவத் தள்ளுனேன். இதுவும் அப்படித்தான்."

கம்பெனியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். எங்கள் அண்ணி என்று சொல்லும்போதே நெஞ்சு நிமிர்ந்துகொள்ளும்.

போன வாரம் காஞ்சிபுரத்தில் அண்ணியும் நானும் ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. ஆட்டோ வந்ததும் பழக்கதோஷத்தில் விரலைத் தூக்கி ஒரு வட்டம் போட்டார். டிரைவர் குழம்பிப்போய், "இன்னாமா, வண்டிய திருப்பணுமா?" என்றான்.

"ஒண்ணும் இல்லப்பா, நிறுத்து" என்று சிரித்தார் அண்ணி.

நான் உயிரோடு இருப்பது அந்த வட்டத்தால்தான் என்று அவனிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.