பற்றரி இல்லாத மின்சாரப் பாடம்

பெண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் செய்துகாட்டும் வேலையில், பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துவதற்கு முன்னால் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஊருக்கே விளங்கப்படுத்த வேண்டும். வகுப்பு முழுக்கப் பார்த்திருக்க, எரியவேண்டிய பல்ப் எரியாமல் அசடு வழிந்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நீங்கள் என் கட்சி. நான் மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரையிலும் வழிந்திருக்கிறேன்.

அலைத்தட்டு

சுனாமி வந்த மறுவருடம் ஒரு தொண்டு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்தது. மாணவிகளை விஞ்ஞானம், பொறியியல் பக்கம் திருப்பவேண்டும்; அதற்கு ஒரு தகரப்பெட்டி தந்தார்கள். வெளிநாட்டில் அடுக்கிய பெட்டி. முதல் பாடம் ஒரு கண்ணாடித் தட்டு. தண்ணீர் ஊற்றித் தட்டினால் அலை எழும்பி ஓரத்தில் மோதும், பிள்ளைகள் ரசிப்பார்கள் என்று குறிப்பு இருந்தது.

அதைத் தூக்கிக்கொண்டு நான் போனது கல்குடாவில் ஒரு சுனாமி முகாமுக்கு. பெட்டி அடுக்கியவர்கள் யோசிக்கவில்லை, சரி. இந்தக் கரையிலேயே பிறந்த நானும் யோசிக்கவில்லை. முதல் அலை எழும்பியதும் முன்வரிசைப் பிள்ளைகள் எழுந்து பின்னால் போய்விட்டார்கள். வெட்கத்தோடு தட்டின் தண்ணீரை மண்ணில் ஊற்றினேன். கூடார வாசலில் நின்ற ஒரு தாய்தான், கோபமே இல்லாமல் சொன்னார்: “இத நாங்க பார்த்திட்டம் மகள். வேற என்னவும் இருந்தாக் காட்டுங்க.”

நல்ல மாணவர்

வேறென்ன, மின்சாரம்தான். தட்டை எடுத்துவிட்டு பற்றரி, வயர், சின்னப் பல்ப் என்று பெட்டியை நிரப்பினேன். நான் நிரப்பி முடிக்கவும் சண்டை திரும்பத் தொடங்கவும் சரியாக இருந்தது. வாவிக்கு மேற்கே, இயக்கத்தின் கையிலிருந்த படுவான்கரைக்குள், பற்றரி கொண்டுபோக ஆமி தடை போட்டது; குண்டு வெடிக்கவைக்க உதவுமாம்.

சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்த ஆமிக்காரருக்கு எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் பாடம் முழுவதையும் நடத்தினேன். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு பல்பையும் வயரையும் திருப்பித் தந்துவிட்டு, பற்றரி எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டார். எங்கள் வான் சாரதி தங்கராசா அண்ணன் வானைச் சாவடி தாண்டி எடுத்தார். பிறகு, “மின்சாரம் படிப்பிக்கப் போறம் மிஸ், அது மட்டும்தான் நம்மட கையில இல்ல” என்றார்.

ஸ்டாண்டில் ஏற்றிய சைக்கிள்

அன்று போனது மண்டூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு. பற்றரியைக் கரும்பலகையில் வரைந்து, எரிவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டேன். ஒன்பதாம் வகுப்புக் கோமதி எழுந்தாள். வீட்டில் சைக்கிள் டைனமோ இருக்கிறதாம். பின்னேரத்தில் அம்மா மிதிக்க மிதிக்கத்தான் றேடியோவில் செய்தி கேட்பார்களாம். றோட்டு திறக்குமா, மூடுமா என்று தெரியவேண்டுமே. ஓடிப்போய்ச் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். ஸ்டாண்டில் ஏற்றி மிதித்தோம். பல்ப் எரிந்தது.

எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் நின்று மிதித்தார்கள். கோமதி மட்டும் வயரைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். பிறகு கேட்டாள்: “வயரக் கழட்டினா மிதி லேசு, பல்ப் எரிஞ்சாப் பாரம். ஏன் மிஸ்?”

நான் இதைக் கவனித்ததே இல்லை. அடுத்த கிழமை சொல்கிறேன் என்றேன். அடுத்த கிழமை றோட்டை மூடிவிட்டார்கள், பிறகு அந்த ஊரே இடம்பெயர்ந்தது. அவள் எந்த முகாமில் இருக்கிறாள் என்று கனகாலம் எனக்குத் தெரியாது.

மிதிக்கிற கால்

போர் முடிந்த வருடம், ஊர்ச்சனம் திரும்பிக் குடியேறியபின், அவள் வீட்டிலேயே அவளைத் திரும்பக் கண்டேன். சாதாரணதரப் பரீட்சையில் நல்ல பெறுபேறு. உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்து எஞ்சினியராக வேண்டும் என்கிறாள். அந்தப் பிரிவு இருக்கும் பள்ளிக்கூடமோ வாவிக்கு அக்கரையில். தாய் ஒத்துக்கொள்ளவில்லை. கணவர் இல்லை, வயல்வட்டையில் கூலி வேலை. விடியற்காலையில் ஐந்து மைல் சைக்கிளில் போய், பாதையில் ஏறவேண்டும். வாவியைக் கடக்கிற பெரிய படகுக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பேர். வழியெல்லாம் காவலரண். பிள்ளையைத் தனியே விடமாட்டேன், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கலைப் பிரிவு படிக்கட்டும் என்றார்.

பெண்கல்வி பற்றி எனக்குப் பாடமான பேச்சு முழுவதையும் எடுத்துவிட்டேன். தாய் தேத்தண்ணி தந்துவிட்டு, நீங்கள் எப்போது கலியாணம் முடிக்கப்போகிறீர்கள் என்று கேட்டார். பேச்சு எடுபடவில்லை என்று விளங்கியது. போகிற போக்கில், கோமதிக்குச் சொல்லவேண்டியிருந்த பதிலையாவது சொல்லிவிடுவோம் என்று தொடங்கினேன்: வெளிச்சம் சும்மா வருவதில்லை, பல்ப் எரிவதற்கு வேண்டியதை மிதிக்கிற கால்தான் கொடுக்கிறது, அதனால்தான் பாரம்.

கோமதிக்கு முகம் மலர்ந்தது. தாய் சிரிக்கவில்லை. “எத்தின வருசமா மிதிக்கிறன், எனக்குத் தெரியாதா?” என்றார். “இந்த வீட்டில மிதிக்க நான் ஒருத்திதான் மிஸ்.”

பாதையடியில்

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு காலை, பாதைக்குக் காத்துநின்றேன். தாய் வியர்க்க விறுவிறுக்கச் சைக்கிள் மிதித்து வருகிறார். பின்னால் வெள்ளைச் சீருடையில் கோமதி. ஒவ்வொரு நாளும் இப்படித்தானாம். பின்னேரம் வேலை முடிந்ததும் திரும்ப வந்து ஏற்றிக்கொண்டு போவாராம். மகள் பாதையில் ஏறும்வரை பார்த்து நின்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

பிறகு கூடையிலிருந்து, என்னைக் கண்டால் தரவென்று துணியில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். டைனமோ. “உங்கட பெட்டிக்க வைங்க மிஸ். றேடியோவுக்கும் மிதிச்சு இவளுக்கும் மிதிக்க என்னால ஏலா.”

எங்கள் திட்டத்தின் முடிவறிக்கையில் கோமதியின் பெயருக்கு எதிரே ‘ஊக்குவித்தவர்’ என்ற கட்டத்தில் என் பெயரைத்தான் போட்டார்கள். மிதித்தவருக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.