ஆறு நிமிட வரம்பு

நுரையீரல் நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கொடுக்கும் பிரிவில் நான் சேர்ந்த புதிது. இரண்டு கூம்புகளுக்கு நடுவே ஆறு நிமிடம் அவர்களை நடக்கவைத்து, எத்தனை மீற்றர் என்று அளப்பேன். இதைவிடச் சுவையான வேலை உலகத்தில் இல்லை என்று நம்பினேன்.

அன்று வந்த நோயாளி ஒரு வட்டை விதானை. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுபவர். மெலிந்த உடம்பு, மடித்துக் கட்டிய சாரன், விரலில் ஒட்சிசன் பார்க்கும் கிளிப். முந்நூறு மீற்றர் நடந்தால்தான் வயலுக்குப் போக விடுவேன் என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

"நான் போகாட்டித் தண்ணிக்கு வெட்டுக்குத்து வந்திரும் தம்பி" என்றபடி எழுந்தார்.

அவ்வளவு அகலமான நடைபாதையில், ஒரேயொரு டைல்ஸ் வரிசையின் மேல், காலுக்கு முன் கால் வைத்து, வயல் வரம்பில் போவதுபோல் போனார். எதிரே வந்த தாதியைப் பார்த்துக் கத்தினார்: "மிஸ்ஸி, வெள்ளாமைக்குள்ள கால வைக்காதீங்க!" தாதி பதறிப்போய் அதே வரிசையில் ஏறி, அவருக்குப் பின்னால் நடந்தார்.

இருநூறுதான் வந்தது.

ஓய்வெடுத்து மறுபடி தொடங்கும்போது எனக்கு ஒரு யோசனை. "ஐயா, வெள்ளாமை வெட்டியாச்சு. வயலுக்குள்ளால நடக்கலாம்."

"அப்பிடியா?" கைவீசி நடந்தார். முந்நூற்றுப் பத்து! டொக்டரிடம் ஓடிப்போய் அனுமதித் துண்டை வாங்கிவந்து நீட்டினேன்.

மூச்சு வாங்கியபடி அதைத் திருப்பித் தந்தார். "வெட்டியாச்செண்டா நான் என்னத்துக்குத் தம்பி அங்க போற?"

முகத்தில் துளிச் சிரிப்பில்லை. எந்த நடையை அறிக்கையில் எழுதியிருக்க வேண்டும் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.